மாடி அறைக்குப் போட்ட இலை

மலையடிவாரத் தெருவில் இருந்த அந்த வீட்டுக்கு வளவனும் அவன் மனைவி பிரேமாவும் மகள் கனிமொழியும் ஒரு வியாழக்கிழமை குடிவந்தார்கள். பிரேமாவுக்குத் திருத்தணிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்திருந்தது. பழைய வீடு. கீழே கூடமும் சமையலறையும், மேலே ஒரே ஓர் அறை. அறைக்குள் நனைந்த சாம்பல் போல ஒரு வாடை அடித்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்று வளவன் நினைத்துக்கொண்டான். கனமான கதவைச் சாத்திப் பார்த்தான். தெருச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

"இந்த ரூம் எனக்கு," என்றான்.

வளவன் கணினி விளையாட்டுகள் செய்பவன். வேலை பார்த்த சென்னைக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த வாரம் ஒரு கேம் ஜாம் இருந்தது. உலகம் முழுக்க விளையாட்டு செய்பவர்கள் ஒரே நேரத்தில் உட்காருவார்கள். ஒரு தலைப்பு அறிவிக்கப்படும். வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்துத் திங்கள் மாலைக்குள் அந்தத் தலைப்பில் ஒரு விளையாட்டை முழுதாகச் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். நன்றாகச் செய்தவர்களைக் கம்பெனிகள் தேடி வந்து கூப்பிடும். போன முறை அவன் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து, நாற்காலியிலிருந்து சரிந்து, ஆஸ்பத்திரியில் கண் விழித்தான்.

அதனால் பிரேமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "சாப்பிடணும், குளிக்கணும், தூங்கணும். கனியோட தினம் கொஞ்ச நேரமாவது இருக்கணும். ஞாயித்துக்கிழம அவளுக்கு மலை மேல மொட்ட. நீங்கதான் தூக்கிகினு படியேறணும். இதுக்கெல்லாம் சரின்னா உக்காருங்க."

"சரி," என்றான் வளவன். "ஆனா நடுவுல பேச்சு குடுக்காத. சோத்த உள்ள வெச்சிட்டு கதவச் சாத்திட்டுப் போயிடு. திரும்ப வரும்போது தட்டிட்டு வா."

தட்டுகள் எல்லாம் இன்னும் பெட்டிக்குள் கிடந்தன. பிரேமா கடைத்தெருவில் வாழை இலை வாங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை மாலை அறைக்குள் தரையில் இலை போட்டு, அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். அம்மையார்குப்பத்திலிருந்து பெட்டிகளை இறக்க வந்திருந்த அவள் தம்பி முருகவேல் படிக்கட்டில் நின்று இதைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, இலையப் போட்டு கதவச் சாத்திகினு வர? பாவா உயிரோடதான கீறாரு?"

"வாயக் கழுவுடா," என்றாள் பிரேமா. ஆனாலும் சிரித்துவிட்டாள்.

உள்ளே வளவனும் சிரித்தான். முருகவேல் எதைச் சொல்கிறான் என்று அவனுக்குத் தெரியும். இறந்தவருக்குப் படைக்கும்போது அவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் வந்து சாப்பிடமாட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் எழுந்து போவதற்கு அந்த அவகாசம்.

சிரித்துவிட்டு அவன் திரைப் பக்கம் திரும்பினான்.

விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால் வளவன் உட்கார வைத்துச் சொல்லுவான். திரையில் நடக்கிற மனிதன் நடப்பதே இல்லை. கண் இமைப்பதற்குள் பல முறை இயந்திரம் அதே மூன்று கேள்விகளைக் கேட்கிறது. யாராவது பொத்தானைத் தொட்டார்களா? அதனால் என்ன மாறியது? இப்போது எதைக் காட்ட வேண்டும்? யாரும் எதையும் தொடாவிட்டால் அந்த மனிதன் சும்மா நிற்பான். அப்படியே விட்டால் பொம்மை என்று தெரிந்துவிடும். அதனால் அவனுக்கு மூச்சு வைப்பார்கள். தோள் லேசாக ஏறி இறங்கும். பார்க்கிறவர்கள் அதற்குள் உயிர் இருக்கிறது என்று நம்புவதற்கு அது போதும்.

அன்று அவன் முதலில் செய்தது அந்த மூச்சைத்தான்.

திரும்பிப் பார்த்தபோது இலை காலியாக இருந்தது. மேல் பாதியைத் தன் பக்கம் மடிப்பதுதான் அவன் பழக்கம். இந்த இலையின் கீழ்ப் பாதி, துக்க வீட்டில் மடிப்பதுபோல், எதிர்ப் பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

சாப்பிட்டது நினைவில் இல்லை. பசியும் இல்லை. வேலை மும்முரத்தில் சாப்பிட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பிரேமா கதவைத் தட்டி, இட்லி வைத்து, பழைய இலையை எடுத்தாள். அவன் திரும்பவில்லை.

"குளிச்சிட்டு வந்து நின்னீங்களே, அப்பதான் பாக்க மனுசன் மாதிரி இருந்தீங்க," என்றாள். "கனிக்கு என்னா கத சொன்னீங்க? அதையே சொல்லி சிரிச்சிகினு இருக்கா."

கதவு சாத்தப்பட்டது.

வளவன் தலையில் கை வைத்தான். முடி காய்ந்து, பிசுபிசுத்துக் கிடந்தது.

நேற்றுப் போட்ட சட்டையே உடம்பில் இருந்தது.

மத்தியானம் ஜன்னல் வழியே கொல்லைப்புறத்துப் பேச்சு மேலே வந்தது. கனிமொழி கலகலவென்று சிரித்தாள். நான்கு வயதுக் குழந்தையின் சிரிப்பு. அதன் நடுவே ஒரு ஆண் குரல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, கதை சொல்லிக்கொண்டிருந்தது. முருகவேலின் குரல் இல்லை.

அது அவனுடைய குரல்.

எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவன் எழவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை. விளையாட்டில் இசையைத் தனியாக ஓட விடுவார்கள். முக்கிய வேலை ஒரு பக்கம் நடக்கும், இசை தன்பாட்டில் இன்னொரு பக்கம் ஓடும், ஒன்றுக்காக ஒன்று நிற்காது. அதுபோல ஏதோ ஒன்று நடக்கிறது. கீழே யாரோ சாப்பிடுகிறார், குளிக்கிறார், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். மேலே வேலை தடையில்லாமல் நடக்கிறது.

வசதியாகத்தான் இருந்தது.

அப்படி நினைத்தான் என்பதைப் பின்னால் அவனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் விளையாட்டில் ஒரு தவறு. அந்த மனிதன் சுவரில் மோதி நிற்காமல் சுவருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தான். எங்கே பிழை என்று கிட்டத்தட்டப் பிடித்துவிட்டான். அப்போது பிரேமா படிக்கட்டின் கீழே நின்று கூப்பிட்டாள்.

"கிளம்பலாமா? கனி ரெடியா நிக்கிறா."

வளவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் கதவுக்கு வெளியே, மிக அருகில், பதில் வந்தது.

"ஆங். வந்துகினே இருக்கேன்."

கதவில் தாழ்ப்பாள் போடவில்லை. எட்டித் திறந்தால் போதும். கை விசைப்பலகை மேல் இருந்தது. கொஞ்சம் பொறுத்தால் பிழை அகப்பட்டுவிடும்.

படியில் காலடிகள் இறங்கின.

அவர்கள் தெருவில் போவதை அவன் ஜன்னலில் பார்த்தான். முன்னால் முருகவேல், பூவும் தேங்காயும் நிறைந்த பையோடு. பக்கத்தில் பிரேமா, பட்டுப்புடவையில். அவளோடு ஒட்டி ஒருவன் நடந்தான். வளவனின் நீலச் சட்டை, வளவனின் நடை. தோளில் கனிமொழி. அந்த ஆள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கனி பார்த்தாள். ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, அவள் முகம் சுருங்கியது. தெரியாத ஆளைக் கண்டதுபோல அந்தக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வளவன் நின்றுகொண்டே இருந்தான். மேசையில் பிரேமா வைத்துவிட்டுப் போன டீயில் ஆவி பறந்தது. டம்ளரைக் கை முழுக்கச் சுற்றிப் பிடித்தான்.

சூடு தெரியவில்லை.

இன்னும் இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கை சிவந்தது. வலிக்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் அவன் உருவம் தெரிந்தது. தோள் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான், எங்கோ தூரத்தில் வேறு யாருக்கோ நடப்பதுபோல, அவனுக்கு ஒன்று புரிந்தது. இந்த அறையில் இன்னும் ஒரு இலை அவனுக்காகப் போடப்பட்டால் அவன் திரும்ப முடியாது. விளையாட்டை ஏற்றவில்லை, சேமிக்கவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கினான். கால்கள் படியைத் தொடுவது தெரியாததால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. வாசலில் உட்கார்ந்து காத்திருந்தான்.

வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். கனி முருகவேலின் இடுப்பில் இருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

"எப்ப வந்தீங்க நீங்க?" என்றாள் பிரேமா. "செருப்பு விட்ட எடத்துல எங்களத் தேட வெச்சிட்டு!"

"பாவா மலையிலேந்து குதிச்சிட்டாரு போல," என்றான் முருகவேல். "மொட்ட அடிக்கும்போது புள்ள அழவே இல்ல, தெரியுமா? நீங்க காதுல இன்னாவோ சொல்லிகினே இருந்தீங்களே, அதக் கேட்டுகினே குந்திகினு இருந்துச்சி."

வளவன் கையை நீட்டினான். முருகவேல் குழந்தையைக் கொடுத்தான். பிரேமாவின் விரல் அவன் கையில் பட்டது. அவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"என்னாங்க, இப்டி சில்லுனு இருக்கீங்க? மலையில நல்லாதான இருந்தீங்க."

"இனிமே கீழதான் இருப்பேன்," என்றான் வளவன். "அந்த வேலைய விட்டுட்டேன். மேல இலை போடாத."

பிரேமா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சந்தோஷமாகவே தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். முருகவேல் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினான்.

வளவன் கூடத்தில் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தான். சந்தன வாசனை வரவில்லை. அவள் எடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடையில் உறைத்தது. அது போதும் என்று பிடித்துக்கொண்டான். மெதுவாகத் திரும்பி வரும், எல்லாம் திரும்பி வரும் என்று நினைத்தான். கனி கைகளைக் கட்டிக்கொண்டு, அந்நியர் வீட்டில் உட்காருவதுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"கனி," என்றான். "அப்பா ஒரு கத சொல்லட்டா?"

மாடியில் நாற்காலி நகர்ந்தது.

பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம் ஆரம்பித்தது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் நீளமாக ஓர் ஓட்டம்.

சமையலறையில் பிரேமாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

கனி அவன் மடியிலேயே திரும்பி உட்கார்ந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க அங்கிள்," என்றாள். "எங்கப்பா மேல வேலை செய்றாரு."