பெயர்ப்பலகை இல்லாத விடுதி

தலையணையின் நடுவில் ஒரு குழி இருந்தது.

அந்த அறையில் இதுவரை யாரும் தங்கியதில்லை என்றுதான் மேனேஜர் முனியராஜ் படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். சுவரில் வண்ணம் அடித்த வாடை போகவில்லை. மெத்தையின் கால்மாட்டில் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் கிடந்தது. ஜெயசுந்தர் குழியைப் பார்த்தான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மனைவி கிருபாதான் குனிந்து உள்ளங்கையை அதில் வைத்தாள். சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடமாக நர்ஸ். நோயாளி கட்டிலைவிட்டு எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று படுக்கையைத் தொட்டே சொல்லிவிடுவாள். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குங்க. இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போயிருக்காக."

ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருக்கும் என்றார் முனியராஜ். கிருபா ஜன்னலைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது. முனியராஜ் மூட்டு வலி என்று முணுமுணுத்தபடி, பார்த்துவிட்டு வரச்சொல்லிக் கீழே இறங்கிப் போனார்.

திருவில்லிபுத்தூரில் அன்று அவர்கள் பார்க்க வந்த மூன்றாவது விடுதி அது. ஜெயசுந்தர் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் ஆர்டர் பிரிவைக் கவனிப்பவன். ஆடிப் பெருக்கன்று புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும்போது வடக்கேயிருந்து ஏஜெண்டுகள் வந்து குவிவார்கள். இந்த வருடம் அதே வாரத்தில் ஆடிப்பூரத் தேரும் சேர்ந்துகொண்டதால், கோயிலும் கோபுரமும் பார்க்க வசதியாகத் திருவில்லிபுத்தூரிலேயே தங்குகிறோம் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு அறை பிடித்துச் சொல்லவேண்டும் என்பது முதலாளி தங்கச்சாமியின் உத்தரவு. கிருபாவுக்கு வார விடுப்பு. கூட வா, உன் மூக்கை எந்த லாட்ஜ்காரனும் ஏமாற்ற முடியாது என்று அவன்தான் கூப்பிட்டு வந்தான். பேருந்து நிலையத்துப் பக்கம் பார்த்த விடுதியில் ஒரு அறைகூடக் காலியில்லை. இரண்டாவது இடத்தில் அவள் பாத்ரூம் கதவைத் திறந்ததுமே மூடிவிட்டாள்.

இது தேர் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய மாடிவீட்டை இடித்துக் கட்டாமல் உள்ளுக்குள்ளேயே மாற்றி எடுத்திருந்த விடுதி. வாசலில் பெயர்ப்பலகைகூட மாட்டவில்லை. ஊரே நிரம்பி வழிகிற வாரத்தில் இங்கே பன்னிரண்டு அறையும் காலி. அது ஏன் என்று கேட்கவேண்டும் என ஜெயசுந்தருக்குத் தோன்றவில்லை. கிடைத்ததே என்றுதான் இருந்தது.

கிருபா பாத்ரூமைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அதே நேரம் முதலாளி போனில் கூப்பிட்டார். அறைக்குள் சரியாகக் கேட்கவில்லை என்று ஜெயசுந்தர் நடைக்கு வந்து, கடைசி வரை நடந்து, ஐந்து நிமிடம்போலப் பேசினான். திரும்பி வந்தபோது கிருபா அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நெற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தது. பாத்ரூம் கதவு சாத்தியிருக்க, உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"பைப்ப மூடலையா?"

"மூடலை."

"சரி, அவுக பாத்துக்கிடுவாக. ரூம் நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு."

முதலாளி பதிலுக்குக் காத்திருந்தார். ஜெயசுந்தர் வேகமாகப் படியிறங்கினான். பின்னாலேயே கிருபாவும் இறங்கினாள். வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. முனியராஜ் பின்கட்டில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பன்னிரண்டையும் எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டு வந்து காரை எடுத்தான்.

சிவகாசி ரோட்டில் ஆடிக்காற்று பலமாக வீசியது. மேற்கே மலைக்குப் பின்னால் இறங்கிவிட்ட சூரியனின் கடைசி வெளிச்சம் பின்கண்ணாடியில் செம்பழுப்பாகத் தெரிந்தது. ரோட்டோரத்துப் பட்டாசுக் கடைகளின் தகரப் பலகைகள் காற்றில் தடதடத்தன. புழுதி எழும்பி முன்கண்ணாடியில் மணல் மணலாக மோதியது. காருக்குள் மட்டும் வேறொரு வாடை இருப்பது அவனுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த வீட்டில் மழைநீர் இறங்கி, சுண்ணாம்பு ஊறி, சுவர் உள்ளுக்குள் அழுகும்போது வருமே, அந்த வாடை. விடுதியின் வாடை உடுப்பில் ஏறியிருக்கும் என்று நினைத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினான். போகவில்லை.

கிருபா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக இந்த ரோட்டில் அவள் வாய் ஓயாது. எந்த வளைவில் யார் விழுந்தார்கள், யாருக்கு எத்தனை தையல் போட்டோம் என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

அசதியா என்று கேட்டான். அசதி என்றாள். தலை வலிக்கிறதா என்று கேட்டான். வலிக்கிறது என்றாள். வழியில் மல்லி ஊரில் நிறுத்திக் காபி குடிப்போமா என்றதற்கு, குடிப்போம் என்றாள். கிருபா காபி குடிக்கமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வாய் காபி குடித்து அவன் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவன் யோசித்துப் பார்த்தான். அறையிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுடையது. அவன் சொல்லாத ஒரு சொல்லைக்கூட அவள் சொல்லவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தான். அதே பச்சைப் புடவை. அதே மூக்கு. நெற்றியில் ஒட்டிய முடி இத்தனை காற்றிலும் காயவில்லை. அதிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, புருவத்தைத் தாண்டி, திறந்திருந்த கண்ணுக்குள் போயிற்று.

அவள் இமைக்கவில்லை.

போன் அடித்தது. வண்டியின் முன்பக்கத்தில் மாட்டியிருந்த போனின் திரையில் கிருபா என்ற பெயர் வெளிச்சமாக எரிந்தது.

ஜெயசுந்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் மடியைப் பார்த்தான். கைப்பை இல்லை. போன் இல்லை. இரண்டு கைகளும் முழங்கால்மேல் மல்லாந்து கிடந்தன. காரை ஓரங்கட்டினான். போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்னங்க இது," என்றாள் கிருபா. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் சன்னமாக வந்தது. "எம்புட்டு நேரமா 'இரு, தொறக்குறேன்'னே சொல்லிக்கிட்டு இருக்கீக? இந்தத் தாள்ப்பாள் எம் பக்கம் அசையவே மாட்டேங்குது."

"கிருபா. நீ எங்க இருக்க?"

"பாத்ரூம்லதான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசிக்கிட்டே எதுக்குப் போன்ல வேற எங்கன்னு கேக்கீக?"

"கிருபா, வெளிய வராத. நான் அங்கன இல்ல. கேக்குதா? அது நான் இல்ல."

தண்ணீர் சட்டென்று நின்றது. ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்பாடா," என்றாள் கிருபா நிம்மதியாக. "தொறந்துட்டீக."

போன் துண்டிக்கப்பட்டது.

மறுபடி அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்காமல், பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தான்.

"திருப்பாதீக."

அது அவன் சொல்லாத சொல். கிருபாவின் குரல்தான். ஆனால் அடியில் ஈரம் இருந்தது, தொண்டை முழுக்கத் தண்ணீர் நிற்பதுபோல.

அவன் திருப்பினான். இறங்கி ஓடலாம் என்று தோன்றியது. இறங்கினால் நடந்துதான் போகவேண்டும். கிருபா அங்கே இருக்கிறாள். அறியாத பருவத்தில் கேட்ட ஜெபங்களில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தான். வெள்ளைக் கோடு. வெள்ளைக் கோடு. பக்கத்து இருக்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரைவிரிப்பில் விழும் சத்தம். ஏழு மணிக்குத் தேர் வீதியில் விளக்குகள் எரிந்தன. பூக்கடைகளில் கூட்டம். யாரும் அந்தக் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்து முனையில் நிறுத்தினான். அவள் இறங்கவில்லை. வெளியே குதித்து, நான்கு கதவையும் பூட்டிவிட்டு ஓடினான்.

விடுதி வாசலில் முனியராஜ் காலித் தட்டோடு நின்றிருந்தார். அவனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இப்பத்தான சார் மேல ரெண்டு டீ கொண்டாந்து குடுத்தேன். நீங்கதான வாங்குனீக. எப்பக் கீள எறங்குனீக?"

ஜெயசுந்தர் அவரைத் தாண்டி உள்ளே ஓடினான். படிகள். இருட்டு. இரண்டாம் மாடி நடையில் ஒரே ஒரு அறையில் விளக்கு எரிந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

கிருபா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் டீ கிளாஸ். அழுது ஓய்ந்த முகம், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நனைந்திருந்த அவள் பாதங்களைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. ஜெயசுந்தர் போட்டிருந்த அதே சட்டை. பின்னங்கழுத்தில் அதே மரு.

அவள் நிமிர்ந்தாள். சிரிப்பு நின்றது.

"என்னங்க, வாசல்ல யாரோ நிக்காக."

"கிருபா," என்றான் ஜெயசுந்தர். "நான்தான் கிருபா. எந்திரிச்சு வா. வந்துரு."

அவள் வரவில்லை. கால்களை மேலே இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். அந்தப் பயத்தை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அது ஒருநாளும் அவன்மேல் திரும்பியதில்லை.

"எம் பேரு இவருக்கு எப்படித் தெரியும்?"

"நீ இரு. நான் கேக்குறேன்," என்றது அவனுடைய குரல்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எழுந்து வந்தான். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். அதில் கோபம் இல்லை. வழி தவறி வந்தவரிடம் காட்டுகிற மரியாதைதான் இருந்தது.

"ரூம் மாறி வந்துட்டீக போல," என்றான்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. குறுகிக்கொண்டே போன இடுக்கில் கிருபா தெரிந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். ஒரு கண். பிறகு பச்சை நிறத்தில் ஒரு கோடு. பிறகு கதவு.

தட்டினான். இரண்டு கையாலும் அறைந்தான். உள்ளே டீ கிளாஸைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ சொன்னாள். உள்ளே இருந்தவன் ஏதோ சொன்னான். அவள் மெல்லச் சிரித்தாள்.

படியில் ஈரக் கால்கள் ஏறி வந்தன. அவசரமில்லாமல். ஒவ்வொரு படியாக. நடையில் நடந்து, அவனுக்கு அரையடி பின்னால், மனைவி நிற்கிற இடத்தில் வந்து நின்றன.

அவன் திரும்பவில்லை.

தொங்கிக் கிடந்த அவன் கையைக் குளிர்ந்த விரல்கள் தேடிப் பிடித்தன. பிடித்து, இடுக்குகளில் நுழைந்து, மூடிக்கொண்டன. விரல் விரலாக.