தாடியோடு போனவன்

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சாவு வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிணத்தைப் படம் எடுக்கிறான். போன வாரம் ஒருத்தன், முட்டி தெரிகிற பேண்ட்டு, எங்கள் வாசலில் நின்றுகொண்டு, "பெரியவரே, இங்க பேய் ஷேவிங் பண்ணுதாமே, ஒரு பேட்டி குடுங்க" என்கிறான். "மொதல்ல உன் மூஞ்சிய கழுவிக்கினு வா" என்று துரத்திவிட்டேன். டீக்கடையில் ஒரு கதை, கம்பெனி பஸ்ஸில் ஒரு கதை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. பேய் பிசாசில் நம்பிக்கையும் கிடையாது.

என் பேர் ரகுபதி. ஊர் வடக்குப்பட்டு. பயிர் வைத்த இடமெல்லாம் இப்போது கம்பெனி மதில். எனக்கு ஒரே மகன், எழிலரசன். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற இடத்தில் லைன் வேலை. பெண்டாட்டி சுபஸ்ரீ வாலாஜாபாத்துக்காரி, அவளும் கம்பெனி வேலைதான். என் பெண்டாட்டி செத்துப் பல வருஷமாகிறது.

எழிலுக்குக் குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. பைத்தியம் ஒன்றே ஒன்று. சவரம். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை கூடுகிற பழைய சாமான் சந்தைக்குப் போய், வெள்ளைக்காரன் காலத்து ரேசராகப் பொறுக்கிக்கொண்டு வருவான். துரு பிடித்து, பச்சை பூத்து, பார்த்தால் குப்பை. எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்தே தங்கம் மாதிரி ஆக்கிவிடுவான். அடியில் திருகினால் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி வாயைத் திறக்கிற ஒன்று இருந்தது. அதன் மேல்தான் அவனுக்கு உயிர்.

விடியலில் எழுந்து பிரஷ்ஷை வெந்நீரில் ஊறப் போடுவான். வெண்கலக் கிண்ணத்தில் சந்தன சோப்பு. தயிர் மாதிரி நுரை கட்டும் வரைக்கும் சளக் சளக் என்று ஆட்டிக்கொண்டே இருப்பான். அப்புறம் மேலிருந்து கீழ், மறுபடி நுரை, குறுக்கே, மறுபடி நுரை. கடைசியில் படிகாரக் கல்லை நனைத்து முகமெல்லாம் தேய்ப்பான்.

"ஏன்டா, கல்யாணம் அன்னாடமா நடக்குது?" என்பேன்.

"கம்பெனிக்குள்ள போனா எல்லாம் அவன் சொல்ற வேகம் நைனா. இது ஒண்ணுதான் என் வேகம்" என்பான்.

சுபஸ்ரீ முழுகாமல் இருந்தபோது அவள் அம்மா பாப்பம்மாள் வந்து ஒரு உத்தரவு போட்டாள். "மாப்ள, புள்ள பொறக்கற வரைக்கும் மூஞ்சில கத்தி படக்கூடாது. எங்க வழக்கம்."

"அந்தம்மா சொன்னா நீ கேட்டுடுவியா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "போவுது நைனா. புள்ள பொறந்த அன்னிக்கு பாரு, மொத்தத்தையும் ஒரே இழுப்பா இழுக்கறேன். புள்ள பாக்கற மொத மூஞ்சி பளபளன்னு இருக்கணும்."

தாடி வளர்ந்தது. லைன்காரப் பையன்கள் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனாலும் விடியலில் நுரை கட்டுவதை மட்டும் அவன் விடவில்லை. கட்டி, புறங்கையில் தடவிப் பார்த்துவிட்டுக் கழுவிவிடுவான்.

குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே, தாய்வீட்டிலிருந்த பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வாலாஜாபாத் ரோட்டில் பைக்கில் திரும்பும்போது கண்டெய்னர் லாரி அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைத் தலையோடு கால் சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் குளிப்பாட்டுவதற்கு முன்னால் சவரம் செய்துதான் அனுப்புவோம். சலூன் காசிராஜன் வந்தான். "அவன் ஆசையா வெச்சிருந்த ரேசராலயே பண்ணுப்பா" என்று யாரோ அந்தப் பட்டாம்பூச்சி ரேசரை எடுத்துக் கொடுத்தார்கள். கட்டைப் பிரிக்கக்கூடாது, உள்ளே முகம் முகமாக இல்லை என்று ஆம்புலன்ஸ்காரன் சொல்லிவிட்டான். காசிராஜன் துணிக்கு மேலேயே ரேசரை இப்படியும் அப்படியும் காட்டிவிட்டு எழுந்துகொண்டான்.

"இத மாலையோட சேத்து அனுப்பிடணும். வூட்ல வெக்கக்கூடாது" என்றான்.

சுபஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து அதை வாங்கிக்கொண்டாள். "அவரு மேல படவே இல்லியே. சும்மா காட்டுனதுதானே."

அதுவும் சரிதானே என்று எல்லோரும் இருந்துவிட்டோம். ரேசர் அலமாரிக்குத் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் சாப்பிட்டேன், தூங்கினேன். வேறென்ன? அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. பின்பக்கம் வாஷ்பேசின் காய்ந்து கிடந்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் தனியாக இருந்தவரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை.

பிரசவ லீவு முடிந்து சுபஸ்ரீ குழந்தையோடு வந்து இறங்கினாள். பெண் குழந்தை. குப்புற விழ ஆரம்பித்திருந்தது. தலை நிறையக் கறுப்பு முடி. பார்த்துக்கொள்ளப் பாப்பம்மாளும் கூடவே வந்தாள்.

"வூட்ட இன்னாண்ணே இப்டி வெச்சிகினு கீறீங்க? எலி குடியிருக்கும்."

"எலி இருந்துச்சு. நீ வர்றன்னு கேட்டு ஓடிடுச்சு."

குழந்தையை வாங்கி மடியில் வைத்தேன். அது என் விரலைப் பிடித்தது. அந்த விரலில் மட்டும் ஏதோ தெரிந்தது. மற்றபடி உடம்பு கட்டைதான். இது என்னிடமே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் சுபஸ்ரீயைக் கம்பெனி பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்குள் சந்தன சோப்பு வாசனை. போய்ப் பார்த்தேன்.

வாஷ்பேசின் மேல் வெண்கலக் கிண்ணம். அதில் நுரை. புதுசு.

மருமகள்தான் புருஷன் நினைப்பில் செய்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். சாயந்திரம் அவளே கேட்டாள். "மாமா, அவர் கிண்ணத்த நீங்க எடுத்தீங்களா?"

இல்லை என்றேன். அப்போதே எனக்குப் பாப்பம்மாள் மேல் சந்தேகம். பயம் காட்டிவிட்டுப் பேத்தியை வாலாஜாபாத்துக்கே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

"இந்த வேலையெல்லாம் என்கிட்ட வெச்சிக்காத" என்றேன்.

"இன்னா வேல?"

"உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்ச வேல சமைக்கறது, துணி தொவைக்கறது. ரெண்டும் உங்களுக்குந்தாண்ணே பண்றேன்" என்று சட்டியை நங்கென்று வைத்தாள்.

விடியலில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சளக், சளக். எழுந்து போனால் நின்றுவிடும். பாப்பம்மாள் பேத்தி பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அக்கினி வெயில் காலத்தில், அடுப்பே மூட்டாத வீட்டில், ஆவி. முகம் வைத்துப் பார்க்கிற உயரத்தில் மட்டும் துடைத்திருக்கும்.

என் உயரமில்லை. என்னைவிட ஒரு சாண் மேலே.

பிளேடுகளை எல்லாம் பொறுக்கி ரோட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நம்பிக்கை வந்து இல்லை. குழந்தை இருக்கிற வீடு.

அடுத்த நாள் வாஷ்பேசினில் மயிர் கிடந்தது.

கறுப்பு. சுருள் சுருளாக. என்னுடையது பூராவும் வெள்ளை. பேப்பரில் மடித்துக் காசிராஜனிடம் கொண்டுபோனேன். விரலில் வைத்து உருட்டிப் பார்த்தான்.

"நல்லா வுட்ட தாடிண்ணே. மொதல்ல கத்திரி போட்டுட்டு அப்பறம் எடுக்கறாங்க. யாருது?"

"எவனுதோ."

கடையில் இருந்தவனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த ரேசரு இன்னும் வூட்லயா கீது?"

"இருந்தா இன்னா?"

"ஆரம்பிச்ச ஷேவிங்க யாராவது பாதியில வுடுவாங்களாண்ணே?"

"நீ தலைய வெட்ற வேலய மட்டும் பாரு" என்று வந்துவிட்டேன்.

மறுநாள் சுபஸ்ரீக்குக் காலை ஷிப்ட். பாப்பம்மாள் பால் வாங்கப் போயிருந்தாள். பளிச்சென்று வெயில் வந்துவிட்டது. வாசலில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. குழந்தை முன்னறையில் பாயில் தூங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பின்பக்கம் சளக், சளக்.

இன்றைக்குப் பிடித்துவிடுகிறேன் என்று எழுந்து போனேன்.

யாரும் இல்லை. குழாய் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. மூடினேன்.

கிண்ணம் அங்கே இல்லை.

முன்னறையில் குழந்தை சிரித்தது.

ஆள் முகத்தைப் பார்த்தால்தான் குழந்தை அப்படிச் சிரிக்கும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். குழந்தை மல்லாந்து கிடந்தது. இரண்டு கன்னத்திலும் நுரை. தலையிலும் நுரை. அண்ணாந்து, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. காதுக்கு மேலே ஒரு ரேசர் அகலத்துக்கு வழி வெட்டின மாதிரி முடி போயிருந்தது. தோல் வழவழவென்று தெரிந்தது. கீறல் இல்லை. ரத்தம் இல்லை.

பட்டாம்பூச்சி ரேசர் தலையணை ஓரமாக ஈரத்தோடு கிடந்தது. அதில் பிளேடு இருந்தது.

ரேசரைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. வெந்நீரில் முக்கினால் இருக்குமே, அந்தச் சூடு.

"அண்ணே."

வாசலில் பாப்பம்மாள். பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது. அவள் பார்த்தது என்ன? நுரையோடு குழந்தை. கையில் ரேசரோடு நான்.

"இன்னாண்ணே பண்ணீங்க புள்ளய?"

"நான் இல்ல."

"கொலதெய்வத்துக்கு எறக்க வேண்டிய முடி. பச்ச மண்ணுண்ணே அது. நீங்க இல்லாம வேற யாரு கீறாங்க இந்த வூட்ல?"

நான் என்ன சொல்ல? என் மகன் என்றா?

சொல்லவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லாததை எப்படிச் சொல்வது? சாயந்திரம் சுபஸ்ரீ வந்தாள். குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்தாள். "மாமா, உண்மைய சொல்லுங்க. திட்ட மாட்டேன். அவர் போனதுலேருந்து உங்களுக்கு மனசு சரியில்ல."

"நான் பண்ணல."

"அப்ப யாரு மாமா?"

அவள் அழுதாள். இருட்டுவதற்குள் ஆட்டோ வந்தது. பாப்பம்மாள் குழந்தையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு ஏறினாள், நான் பறித்துக்கொள்வேன் என்கிற மாதிரி.

இத்தனை நாள் நான் அவளைச் சந்தேகப்பட்டேன். இப்போது அவள் முறை.

மறுநாள் மத்தியானம் காசிராஜனைக் கூட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன். இப்போது சுற்றிலும் குடோன், நடுவில் சுடுகாடு. எழிலை எரித்த இடத்தில் காசிராஜன் குழி தோண்டி ரேசர், பிரஷ், கிண்ணம் எல்லாவற்றையும் வைத்து மூடினான். ஏதோ முணுமுணுத்தான். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"முடிஞ்சிதுண்ணே. இனிமே வராது."

"வந்தாத்தானே போறதுக்கு" என்றேன்.

அதற்கப்புறம் வீட்டில் சத்தம் இல்லை. கண்ணாடி காய்ந்து கிடந்தது. காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஒன்றும் வராது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய்.

கொஞ்ச நாள் விட்டு, குழந்தையைக் கேட்டுப் பார்க்கலாம் என்று வாலாஜாபாத் போனேன். எல்லாவற்றையும் புதைத்துவிட்டேன், இனி கொடுங்கள் என்று கேட்பதாக நினைப்பு. பாப்பம்மாள் என்னைக் கதவோரத்திலேயே உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். குழந்தையைக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் ஆம்பிளை யாரும் இல்லை. ரேசர் இல்லை, சோப்பு நுரை இல்லை. தாயும் மகளும் மட்டும்தான்.

குழந்தை சுபஸ்ரீ மடியில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் அதற்கும் நடுவில், கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டே வலது கன்னத்தைக் காட்டியது.

அசையாமல் இருந்தது.

அப்புறம் மெள்ள முகத்தைத் திருப்பி இடது கன்னத்தைக் காட்டியது.

மேல் உதட்டைக் கீழே இழுத்து மடக்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே. அப்புறம் தாடையைத் தூக்கித் தொண்டையைக் காட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தது.

"தெனம் காலையில இப்டித்தான் பண்ணுது மாமா" என்று சுபஸ்ரீ கிசுகிசுத்தாள். "இப்ப பகல்லயும் பண்ணுது. நீங்க இல்ல, எனக்குத் தெரியும் மாமா. யாருன்னும் தெரியும். தொண்டையக் காட்டும்போது மட்டும் நான் கண்ண மூடிக்கறேன்."

பாப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

குழந்தை தொண்டையை இறக்கவில்லை.

"வாயுவா இருக்கும்" என்றேன். "ஓமத்தண்ணி குடு."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். மாமா, மாமா என்று சுபஸ்ரீ கூப்பிட்டாள். பச்சைக் குழந்தை ஆயிரம் விதமாக மூஞ்சியைக் காட்டும், அதற்கெல்லாம் அர்த்தம் பார்த்தால் ஆகுமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். வெயில் நெற்றியில் அடித்தது. நான் நம்பவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.