மூன்று தட்டு

துறைமுகச் சாலையில் ரெமிஜியூஸின் கடைக்குப் பாட்டுக் கேட்க யாரும் வருவதில்லை. செத்துப்போனவர்கள் கடைசியாகப் பேசி அனுப்பியதைக் கேட்கத்தான் வருவார்கள். ஊரிலுள்ள கைப்பேசி, ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் சட்டப்படி 'சமனி' என்றொரு சில்லு இருந்தது. பதிவில் எல்லாச் சத்தமும் இருக்கும். கேட்கும்போது இருமல், விசும்பல், மூச்சிரைப்பு அத்தனையையும் இரைச்சல் என்று வழித்தெறிந்துவிட்டுச் சுத்தமான பேச்சை மட்டும் சமனி கொடுக்கும். கேட்பவர் மனம் கெடக்கூடாதாம். கண்ணாடிக் குழல் வால்வுகளில் ஓடும் ரெமிஜியூஸின் பழைய ஆம்ப்ளிஃபயரில் சமனி கிடையாது.

சந்தனமாரி கைப்பேசியை நீட்டினாள். மாமியார் பேச்சித்தாய் கேட்கத் தெம்பில்லை என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

சந்தனமாரியின் புருஷன் கொம்பையா கப்பலின் அடியறையில் நிலக்கரி அள்ளப் போனவன். "ஒண்ணுமில்ல மாரி, லேசா அசதி. நீ தூங்கு" என்று அங்கிருந்து பேசி அனுப்பியிருந்தான். அதற்குப்பின் பதிவு முடியும்வரை கைப்பேசியில் வெறும் அமைதி. அவளும் தூங்கிவிட்டாள். விடிந்ததும் பிணத்தைத்தான் மேலே ஏற்றினார்கள். அவன் குரலை வைத்து உனக்கு ஒன்றும் தெரியவில்லையா என்று தெருவே அவளைக் கேட்டது. அவளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல தேஞ்ச வால்வப் போடுதேன். கூரெல்லாம் மழுங்கி மெத்துன்னு கேக்கும்" என்றார் ரெமிஜியூஸ்.

"தேன் தடவித் தாறீகளாக்கும்."

கண்ணாடிக்குள் கம்பி சிவந்தது. கொம்பையா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. பேச்சு முடிந்ததும் எங்கோ தூரத்தில் தொம் தொம்மென்று ஏதோ கேட்டது.

"அது என்னது அண்ணாச்சி?"

"புது வால்வு போட்டாத் தெளியும். ஆனா உள்ளதெல்லாம் கேக்கும் தங்கச்சி."

"மறச்சது போதும். போடுங்க."

துணியால் பிடித்துச் சூடான வால்வைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினார். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே கொம்பையாவின் மூச்சு கிழிந்தது. 'நீ தூங்கு' என்பதற்குப் பின் இரும்பு ஒலித்தது. மண்வெட்டியால் தகட்டில் மூன்று தட்டு. சற்று இடைவெளி. மறுபடி மூன்று.

கல்யாணத்துக்கு முன் அவளும் அதே அடியறைகளில் அள்ளியவள்தான். மூன்று தட்டென்றால், மூச்சு முட்டுது, மேலே தூக்கு. வாய் ஓய்ந்தபின் கை பேசுவது. அவளைப் பயமுறுத்தாமல் பேசி முடித்தவனுக்கு அதற்குமேல் மூச்சு வரவில்லை; மேலே கேட்க ஆளில்லாமல்தான் தட்டி அவளுக்கு அனுப்பியிருக்கிறான். அவளுக்குப் புரியும் என்று அவனுக்குத் தெரியும். வீட்டிலிருந்து துறைமுக வாசல் கூப்பிடு தூரம். அன்றே கேட்டிருந்தால் ஓடியிருப்பாள்.



"ஏளா, என்ன சொல்லுதான் எம் மவன்?" வாசலிலிருந்து கிழவி கேட்டாள்.

சந்தனமாரி ரெமிஜியூஸைப் பார்த்தாள். "பழசையே போடுங்க அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வாங்கத்த. நல்லாத்தான் பேசுதாவ."

கிழவி வந்து ஒலிபெருக்கியின் வலையில் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது. தொம் தொம்மென்று கேட்டது. அவள் முகம் மலர்ந்தது.

"அவன் நெஞ்சு அடிக்குது, கேக்கியாளா?"

"ஆமாத்த."

"இன்னொரு தடவ போடச் சொல்லு."