வாயளவு

கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை நிமிர்த்தினாள். அதன் வாயை ஒரு வெள்ளை ஆடை மூடியிருந்தது.

பாலாடை என்றுதான் முதலில் நினைத்தாள். விரலால் தொட்டாள். உள்ளே அமுங்கி, மெல்ல எழும்பி வந்தது. நேற்றுத் தேய்த்துக் கழுவிய டம்ளர் அது.

இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்கும் கணவனுக்காக வீட்டின் எல்லாத் திரைகளும் இழுத்து மூடியிருந்தன. நடுப்பகலிலும் மங்கிக் கிடந்த சமையலறையில், புளித்த தேயிலையின் வாடை சுவரில்கூட ஏறியிருந்தது. மூலையில், துணியால் வாய் கட்டிய கொம்புச்சா ஜாடி; தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம். அதில் மிதந்த வெள்ளை ஆடையை மாடி வீட்டு அக்காதான் கொடுத்தாள். அன்று சொன்னாள்:

"இதுக்குப் பேரு தாய். சர்க்கரை போட்ட டீயில விட்டுடு. பாத்திரத்தோட வாய் எவ்வளவோ, அவ்வளவுக்குப் படர்ந்து மூடிக்கும்." சொல்லிக்கொண்டே வந்தவள், இவள் தாடையில் கன்றியிருந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவன் கை நீட்டினா ஒரு குரல் குடு. கதவ உடைச்சிக்கிட்டாவது வரேன். நீதான் வாயே திறக்க மாட்டேங்கிறியே."

திறந்ததில்லை. அடித்தவன் நிமிர்ந்து நடப்பான், கத்தியவளுக்குத்தான் மானம் போகும் என்று எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் வாய் திறந்தது அந்தப் பானத்துக்கு மட்டும்தான். நாக்கில் சுருக்கென்று குத்தி, இனித்து இறங்கும். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ருசி.

தொட்டியில் டம்ளரைத் தேய்த்தாள். தண்ணீர் இறங்கவில்லை. குனிந்து பார்த்தாள். துவாரத்தின் மேலும் ஆடை. பின்கதவின் சாவித் துவாரத்திலும், சின்னதாக.

எதையாவது வழக்கம்போலச் செய்தால் மனம் அடங்கும் என்று, பானம் ஊற்றி மூடிவைத்திருந்த பாட்டில்களில் ஒன்றின் காற்றை விட மூடியைத் தளர்த்தினாள்.

ஸ்ஸ்ஸ்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

"என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்லங்க. பாட்டில்ல காத்து..."

"வாய மூடு."

சமையலறை வாசலில் நின்றான். அடுத்த நொடி அவள் தலை மேடை விளிம்பில் மோதியது. பல் ஒன்று ஆடியது. வாயெல்லாம் உப்பு. முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் மோதினான்.

"மனுஷன் தூங்க வேணாமா? இந்தக் கருமத்துக்குத்தான் துள்ளுறியா?"

திறக்காத பாட்டிலை எடுத்து அவள் முகத்துக்கு நேராக ஓங்கினான்.

பாட்டில் அவன் கையிலேயே வெடித்தது.

விழுந்தான். தாடைக்குக் கீழே கண்ணாடி. கழுத்திலிருந்து ரத்தம் பீறிட்டுப் புளித்த தேநீரோடு தரையில் ஓடியது. கத்த வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. உதட்டு ஓரங்களிலிருந்து வெள்ளையாக ஒன்று படர்ந்தது. நடுவில் வந்து சேர்ந்தது.

மூடிக்கொண்டது.

மூச்சுக்கு உப்பியது. அமுங்கியது. உப்பியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடித்து.

அவன் கண்கள் அவளையே பார்த்தன. குதிகால் தரையை உதைத்தது. பிறகு உதைக்கவில்லை.

மாடியில் அக்காவின் காலடி கேட்டது. கத்தவேண்டும். இப்போதாவது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அக்கா.

நாக்கு எழும்பி எதிலோ முட்டியது. மெத்தென்று. குளிர்ந்து.

தலைக்கு மேல் காலடி நகர்ந்து போனது.

எதிரே எவர்சில்வர் குடத்தில் அவள் முகம். வாய் அகலத் திறந்திருந்தது. பல் தெரியவில்லை. வெள்ளையாக, வழவழவென்று, உதட்டிலிருந்து உதடுவரை.

உப்பியது.