வாலில்லாத ஸ்கூட்டர்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான் மெல்வின். பால் பாக்கெட்டை எடுத்து வந்தான். காபி போட்டுக் குடித்தான். சட்டையை இஸ்திரி போட்டான். ஸ்கூட்டரின் சார்ஜர் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தான். நூறு சதவீதம். கதவைப் பூட்டினான். கிளம்பினான். ஒன்றரை வருடமாக இப்படித்தான்.

அந்த மின்சார ஸ்கூட்டரை புக் பண்ணியது அவன் மனைவி டீனா. வண்டி வீடு வந்து சேர்ந்தபோது அவளை அடக்கம் செய்து பதினோரு நாள் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பத் தோன்றவில்லை. ஓட்டினான்.

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே அவன் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். அன்று கேட்டில் செக்யூரிட்டி அங்கப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, புகை சர்டிபிகேட் இருக்குதுங்களா? பனியன் வாங்கற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வாரானாமா. இன்னைலருந்து சர்டிபிகேட் இல்லாத வண்டி உள்ள போகப்படாதுங்க. பசுமை வளாகமாமா!"

"இது கரண்ட் வண்டிங்க. புகையே வராது."

"வராதுன்னுதானுங்க எழுதிக் கேக்கறாங்க. நோட்டுல கட்டம் காலியா இருந்தா என்ற தலைதானுங்க உருளும்!"

டீனாவின் வண்டியை வெளியே சாக்கடையோரம் விட்டுப் போக மனம் வரவில்லை. திருப்பினான்.

பெட்ரோல் பங்க் அருகே புகைப் பரிசோதனை வேன். மாஸ்க் போட்ட ஒரு பெண் கையில் குழாயோடு இறங்கி வந்தாள். ஸ்கூட்டரை ஒரு சுற்று சுற்றினாள். குனிந்து பார்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"ஏனுங்ணா... இதுக்கு வாலு எங்கீங்ணா? புகை வர்ற வாலு?"

"இல்லைங்க."

"அப்பறம் குழாயை எங்கீங்ணா உடறது? உங்க காதுலயா?"

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும்... அந்த இரண்டுமே சிரித்தன. புகையில் லேசாகச் சிவந்த, மை கலைந்த, பெரிய கண்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வேனின் பின்கதவை உயர்த்தினாள். இருவரும் அதன் கீழே ஒதுங்கினார்கள். அவள் கழுத்து அட்டையில் 'ஃபெமினா' என்றிருந்தது. அவன் படித்ததை அவள் பார்த்துவிட்டாள்... அவன் அவசரமாக மழையைப் பார்த்தான்.

"கேட்டுல கேக்கறாங்க. கட்டம் காலியா இருக்கக் கூடாதாம்."

"கரண்ட் வண்டிக்கு இது வேண்டாமுங்ணா. என்ற மெஷினும் ஒத்துக்காது."

"மத்த வேன்ல ஒத்துக்குதே. குழாயே விடாம பேப்பர் தர்றாங்க. இதனால ஒரு துளி புகை குறையுதுங்களா?"

கண்களில் சிரிப்பு அணைந்தது.

"ஒரு நாளைக்கு நாப்பது வண்டி வருதுங்ணா. முப்பத்தெட்டு பாஸு. ரெண்டைச் சரி பண்ணிட்டு வாங்கன்னு திருப்பி உடறேன். அந்த ரெண்டுக்குத்தான் இங்க நிக்கறேன்."

"அந்த ரெண்டும் அடுத்த வேன்ல வாங்கிக்கும்."

"உங்குளுது மட்டும் என்னங்ணா பெருசு? கரண்ட்டு வானத்துலருந்தா வருது? உங்க வாலு நெய்வேலில புகைஞ்சுட்டு இருக்குதுங்ணா!"

"என் வண்டி இல்லைங்க. என் மனைவி டீனா புக் பண்ணினது. அவ போனப்புறம்தான் வந்துச்சு."

அவள் வாய் திறப்பதற்குள் மழையிலேயே கிளம்பிவிட்டான்.

வேறு வழியில்லாமல் நான்கு நாள் டீனாவின் வண்டி கேட்டுக்கு வெளியே நனைந்தது. நான்கு நாளும், அவள் வேலையைப் பற்றித் தான் சொன்னதே அவனைக் குத்தியது. ஆச்சரியமாக இருந்தது... ஒன்றரை வருடமாக எதுவும் குத்தியதில்லை. அந்தக் கண்களின் சிரிப்பை அணைத்தவன் தான்தானே... போய் நிற்கலாம். ஆனால் எதைச் சொல்லிக்கொண்டு?

ஐந்தாம் நாள் காலையில் கரும்புகை கக்கியபடி ஒரு மொபெட் கேட்டுக்குள் நுழைந்தது. ஓட்டி வந்தவர் அங்கப்பன்.

"உங்க சர்டிபிகேட் எங்கீங்க?"

"நோட்டு எழுதறவன் பேரு நோட்டுல எப்படீங் தம்பி வரும்?"

மெல்வின் கையை நீட்டி மொபெட் சாவியை வாங்கிக்கொண்டு நேரே புகை வேனுக்கு ஓட்டினான்.

"இதுக்கு வால் இருக்குங்க," என்றான் ஃபெமினாவிடம்.

குழாயை விட்டாள். இருமினாள்.

"ஃபெயிலுங்க."

அண்ணா என்ற அந்த 'ணா' எங்கோ உதிர்ந்துபோயிருந்தது.

ஏர் ஃபில்டரை மாற்றிக்கொண்டு மறுநாள் போனான். ஃபெயில். அதற்கு மறுநாளும் போனான். ஃபெயில். ஸ்பார்க் பிளக்கை மாற்றிக்கொண்டு நான்காவது முறை போனான்.

"பாஸுங்க!" என்று ஒரு குதி குதித்தாள். அவன் முகம் தொங்கியது.

"எத்தனை நாளைக்குங்க?"

"ஆறு மாசத்துக்கு."

"ஆறு மாசம்... ரொம்ப நாளுங்க."

"ஏனுங்க?"

"பிளக்கை முந்தாநாளே வாங்கிட்டேன். மாட்டாம பையிலயே வெச்சிருந்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பாஸ் ஆயிட்டா வர்றதுக்குக் காரணம் இல்லைங்களே... அன்னைக்குப் பேசினது தப்புங்க. நீங்க சொன்ன அந்த ரெண்டுல ஒண்ணு இந்த மொபெட்டு. ஆனா நான் மொபெட்டுக்காக வரலைங்க. உங்களைப் பாக்க வந்தேன்."

தூறல் விழுந்தது. அவள் வேனுக்குள் எட்டி மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். 'இந்த வண்டிக்குப் புகைக்குழாய் கிடையாது.' கீழே கையெழுத்து, சீல். தேதி, அந்த முதல் மழை நாள்.

"அன்னைக்கே எழுதிப்போட்டேன். நீங்கதான் மழையில ஓடிட்டீங்க."

பிறகு மாஸ்க்கைக் கழற்றினாள். மூக்கின் மேல் சிவப்பாக ஒரு கோடு. அவன் முதன்முறையாக முழு முகத்தையும் பார்த்தான்...

"நாளைக்கு டீனா வண்டியிலயே வாங்க. வாலில்லாட்டிப் பரவால்ல."