மூச்சுப் பிடித்து அடித்த பந்து

'டங்...!'

ஸ்கூட்டியின் முன்விளக்கு நொறுங்கியது. கடலை பிடுங்கி முடித்த கொல்லையில் கோல்ஃப் மட்டையோடு நின்றிருந்த அன்புச்செல்வனுக்குப் பாதி உயிர் அப்போதே போய்விட்டது.

மீதிப் பாதி, சிங்கவரம் ரோட்டில் வண்டியை நிறுத்தி அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபோது போனது. அப்பேர்ப்பட்ட கண்கள்... தூறலில் நனைந்த இமைகளுக்குக் கீழே கோபமாய் உருண்டன. கோபம்கூட இவ்வளவு அழகாக இருக்குமா என்ன!

"யோவ்! இன்னாயா இது... கோழி முட்டையா?"

"கோல்ஃப் பந்துங்க. சாரிங்க... லைட்ட நானே மாத்தித் தர்றேன்."

"கோல்ஃபா? செஞ்சியிலயா? எங்க, ஒரு தபா ஆடிக் காட்டுங்க, பாப்போம்."

ஒரு முழம் தள்ளி அவனே தோண்டிய குழி. காலையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் விழுந்த பந்து. இப்போது அவள் பார்க்கிறாளே... கை வெடவெடத்தது. பந்து குழியைச் சுற்றிக்கொண்டு போய் வரப்போரம் உட்கார்ந்துவிட்டது.

"தரை சரியில்லீங்க..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் உண்மை தானாக வெளியே வந்தது. சென்னையில் வேலை, அங்கே பழகிய ஆட்டம். தனியாக ஆடினால் புலி... நாலு பேர் பார்த்தால் எலி. போன வருஷப் போட்டியில் கடைசிப் பந்தைத் தவறவிட்டபோது மொத்தக் கூட்டமும் சிரித்தது. வருகிற ஞாயிறு மறுபடி போட்டி. இதிலும் கோட்டைவிட்டால் மட்டையையே தொடுவதில்லை என்று சபதம் வேறு செய்திருந்தான்.

"அடச்சே, இவ்ளோதானா! நான் ஜெயஸ்ரீ, அனந்தபுரம் கபடி டீமு. காலைப் புடிச்சி இழுக்க எதிர்ல ஏழு பேரு நிக்கறப்ப எனக்கு மட்டும் டென்ஷன் இருக்காதா? மூச்ச இழுத்துப் புடிச்சி, 'கபடி கபடி'ன்னு பாடிட்டே போவேன். மூச்சு தீர்றதுக்குள்ள திரும்பணும். அதுல கூட்டத்தப் பாக்க ஏது நேரம்? நீங்களும் பாடிட்டே அடிங்க."

"கோல்ஃப்ல போய்க் கபடியா? அது கௌரவமான ஆட்டங்க. சத்தமே போடக் கூடாது."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் சுண்டிப்போனது.

"அப்ப எங்க ஆட்டம் கௌரவம் இல்லாததா? இருக்கட்டும். என் லைட்ட நானே மாத்திக்கறேன்."

ஸ்கூட்டி பறந்தது. நாக்கில் சனி என்று அன்பு தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை, சென்னை. கடைசிக் குழி. இது விழுந்தால் கோப்பை அவனுக்கு. சுற்றிலும் வெள்ளைத் தொப்பிகள்... கை ஆட ஆரம்பித்தது. கௌரவம் பார்க்கிற நேரமா இது? மூச்சை இழுத்தான். உதட்டுக்குள்ளேயே, "கபடி கபடி கபடி..."

கூட்டம் மறைந்துபோனது. பந்து உருண்டு... உருண்டு... உள்ளே விழுந்தது!

ஆனால் மூச்சு மிச்சம் இருந்ததே! பொங்கலுக்குப் பொங்கல் ஊரில் கபடி ஆடிய கால் சும்மா இருக்குமா? பாட்டை நிறுத்தாமல் பாய்ந்து, எதிராளியின் தோளைத் தொட்டுவிட்டு, திரும்பி ஓடிவந்து, யாரும் போடாத கோட்டைத் தாண்டிக் குதித்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இந்த முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

மறுநாள் சாயங்காலம் கோப்பையோடு அனந்தபுரம் கபடி மைதானத்தில் போய் நின்றான். அவள் வியர்வையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஜெயிச்சீங்களா?"

"நீங்க சொன்னபடி பாடித்தான் ஜெயிச்சேன். அன்னிக்கு நான் பேசினது திமிருங்க. மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சிட்டேன். அதுக்கு ஏன் கை இப்டி ஆடுது? கோப்பை கீழ விழுந்துடப் போவுது."

"அவ்ளோ கூட்டம் பாத்தப்பவே நடுக்கம் நின்னுடுச்சிங்க. நீங்க ஒருத்தர் பாக்கறப்ப நிக்க மாட்டேங்குது... உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது."

அவள் மெல்லக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். அவள் கைக்கு வந்த பிறகும் அதன் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்னாங்க... ஏழு பேருக்கு அசராத கை..."

"வாய மூடுங்க," என்றாள், தரையைப் பார்த்து. "எனக்கும் புடிச்சிருக்குது... அதான்."