நாலு மணிப் பெரட்டும் இரண்டு கெலக்சிகளும்

கொட்டகலைக்கு மேலே, மண் சரியும் என்று ஆட்களை வெளியேற்றிவிட்ட, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயம் இருக்கிறது. விளக்கு வெளிச்சமே கிடையாது. விஞ்ஞான வாத்தியாரான எனக்கு அது போதும். நானும் மனைவி ஷெரோமியும் ஆட்டோவில் போய் இறங்கி, அதன் வாசலில் டெலஸ்கோப்பை நிறுத்தினோம்.

மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கும் இரண்டு கெலக்சிகளைப் படம்பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பதினொரு ராத்திரி வந்து பதினொரு விதமான பனிமூட்டத்தைப் படம்பிடித்திருந்தேன். டெலஸ்கோப்போ இரவல்; விடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுதான் கடைசி ராத்திரி.

இன்றும் பனிமூட்டம்.

"ஆறு கோடி ஒளியாண்டு பாக்க வந்தவருக்கு அடுத்த கதவு தெரியல," என்றாள் ஷெரோமி, பிளாஸ்கைத் திறந்தபடி. "அதுங்க மோதினா வெடிக்குமாங்க?"

"இல்ல. ஒன்னுக்குள்ள ஒன்னு சத்தமில்லாம புகுந்துடும். அப்புறம் எது எதுன்னு பிரிக்க முடியாது."

"நம்ம கல்யாணம் மாதிரி."

"நீ சத்தமில்லாமலா வந்த?"

நாலு மணி இருக்கும். பச்சைக் கொழுந்தின் ஈர வாடை குப்பென்று அடித்தது.

பூட்டிக்கிடந்த லயத்துக் காம்பரா அறைகளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுகிற அதே தொனி.

"ராசம்மா."

பதில் இல்லை.

"ராசம்மா."

ஷெரோமி என் கையை இறுக்கினாள். "வாயத் தொறக்காதீங்க."

மூன்றாம் தடவையும் பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். லயத்தில் பிறந்தவனுக்கு அது தாங்காது. வகுப்புக்கு வராத பிள்ளைக்கே வந்ததாகப் போட்டுவிடும் ஆள் நான்.

"ராசம்மா."

இப்போது காதருகே.

"இருக்கேங்க, ஐயா."

நான்தான் சொன்னேன்.

பனிமூட்டம் ஒரே மூச்சில் கலைந்தது. நாற்பது படம் எடுத்தேன். கமராத் திரையில் இரண்டு கெலக்சிகளும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன. பதினொரு ராத்திரி திட்டிய வானத்துக்கே கும்பிடு போட்டேன். ஷெரோமி சிரிக்கவில்லை.

விடிந்து வீட்டுக்கு வந்ததும் என் தொப்பியைக் கழற்றினாள்.

"என்னங்க... இது எப்ப வந்திச்சு?"

கண்ணாடியில் பார்த்தேன். உச்சந்தலைக்குக் குறுக்கே ஒரு பள்ளம். முப்பது வருசம் முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தினால் விழுமே, அந்தப் பள்ளம். அதில் ஒரு முடிகூட இல்லை.

நிமிரப் பார்த்தேன். முடியவில்லை.

முதுகில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கனம் ஏறிக்கொண்டே வந்தது, யாரோ பிடி பிடியாகக் கொழுந்து போடுவதுபோல்.